அவள் இல்லாமல் சொல்லக் கூடாது

— போனைக் கீழ வைங்க சார்.

— பாரும்மா ரேடியோ, என்னை மாதிரி மனநல டாக்டர் சில விஷயத்துல ரெண்டு தடவை யோசிக்கக் கூடாது. பதினேழு வயசுப் பொண்ணு, செத்துப்போயிட்டா தேவலைன்னு தோணுதுன்னு உன்கிட்ட சொல்லியிருக்கா. வீட்டுல இருக்கறது அண்ணன் ஒருத்தன். அவனுக்குச் சொல்லியாகணும். இப்பவே.

— சொல்ல வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. அவ இல்லாம சொல்லக் கூடாதுன்னுதான் சொல்றேன். வந்துக்கிட்டே இருக்கா சார். பஸ்ஸுல இருக்கா.

— பஸ்ஸுலதான் இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— ஒவ்வொரு ஸ்டாப்பு வரும்போதும் அதோட பேரை எனக்கு அனுப்புன்னு சொல்லியிருக்கேன். இதோ பாருங்க. "ஸ்கூல் வாசல்." அப்புறம் "மார்க்கெட்." இப்பத்தான் வந்துச்சு.

— சரி. உக்காரு. மூச்சு வாங்குது உனக்கு. மாடிப்படியில ஓடியா வந்த?

— லிஃப்டுக்கு நிக்க மனசு வரல.

— முதல்லேருந்து சொல்லு, நிதானமா. நேத்து நம்ம ஆராய்ச்சிக்கு நீ எடுத்த பேட்டியில இந்த மாதிரி எதுவும் இல்லையே. பதிவை நானும் கேட்டேன்.

— நேத்து இல்ல சார். அந்தக் கேள்வி இருக்குல்ல, "செத்துப்போயிட்டா தேவலைன்னு எப்பவாவது தோணியிருக்கா"ன்னு. அதுக்கு "சேச்சே, இல்லக்கா"ன்னு சிரிச்சா. நானும் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். இன்னைக்கு ஸ்கூல் விட்டதும் போன் பண்றா. "அக்கா, நேத்து ஒரு கேள்விக்குப் பொய் சொல்லிட்டேன். உங்க ஆராய்ச்சி தப்பாயிடுமா?"ன்னு கேக்கறா.

— ஆராய்ச்சி தப்பாயிடுமான்னா கேட்டா?

— சத்தியமா சார். அவளுக்கு அந்தக் கவலை. நம்ம கணக்குல ஒரு "இல்லை" தப்பா விழுந்துடுச்சேன்னு. எந்தக் கேள்விடான்னு கேட்டேன். "அந்தக் கேள்விதான்"னா.

— அப்புறம் நீ என்ன கேட்ட? கேட்டது கேட்டபடியே சொல்லு.

— இப்பவும் தோணுதான்னு கேட்டேன். "ம்"னா. இன்னைக்கு ஏதாவது பண்ணிக்கணும்னு இருக்கியான்னு நேராவே கேட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான், சுத்தி வளைக்கல. இல்லைன்னா. நான் உன்னைப் பாக்கணும், நேரா இங்க வர்றியான்னேன். வரேன்னா.

— இன்னைக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னா.

— ஆமா.

— நேத்தும் இல்லைன்னுதான் சொன்னா.

— ஆமா. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.

— நான் உன்னைக் குத்திக்காட்டச் சொல்லலம்மா. அவ சிரிச்சுக்கிட்டே இல்லைன்னு சொல்லக்கூடியவ. அதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். அண்ணன் நம்பர் என்கிட்ட இருக்கு. முப்பத்திரண்டு வயசு, ரொட்டி கம்பெனி வேன் ஓட்டுறவன். ஊருக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருப்பான். நான் ஒரு வார்த்தை சொன்னா, அந்த பஸ்ஸுக்கு முன்னாடி அவன் போய் நிப்பான்.

— போய் நின்னு?

— அழைச்சுக்கிட்டு வருவான்.

— அவ என்ன நினைப்பா? ஒரு அக்காகிட்ட மனசு விட்டு உண்மையச் சொன்னேன், அடுத்த ஸ்டாப்புல அண்ணன் மூஞ்சி நிக்குது. இனிமே ஜென்மத்துக்கும் யார்கிட்டயாவது வாயத் திறப்பாளா?

— வாயத் திறக்க அவ இருக்கணும்ல?

— இருக்கணும். அதுக்குத்தான் நானும் ஓடி வந்தேன்.

— கோவிச்சுக்காத.

— கோவம் இல்ல சார், பயம். பயந்தா எனக்குக் குரல் இப்படித்தான் ஏறும். இருங்க… மெசேஜ் வந்துடுச்சு. "தீயணைப்பு நிலையம்."

— இன்னும் எத்தனை ஸ்டாப்பு?

— தண்ணி டேங்க், கோர்ட்டு, அப்புறம் நம்ம ஆஸ்பத்திரி. வாசல் ஸ்டாப்புல நெட்டைய நிக்க வெச்சிருக்கேன்.

— உங்க இளைஞர் குழுவுல இருக்கானே, அந்தப் பையனா?

— அவனேதான். பேட்டிக்கு வந்தப்பவே அவளை அவனுக்குத் தெரியும். தூரத்துலேருந்தே தெரியற உயரம் வேற. பேசாத, சும்மா கூட நடந்து வான்னு சொல்லியிருக்கேன்.

— எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்க.

— எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்துச்சு சார். பதினாறு வயசுலேருந்து இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— பாரும்மா, அவங்க இல்லாம சொல்லக் கூடாதுங்கற இந்த விதிய நீங்க ஆறு பேரும் கொண்டுவந்தப்ப நான்தான் முதல்ல சரின்னேன். மேலதிகாரிங்ககிட்ட வாதாடி அனுமதி வாங்கினதும் நான்தான். இளைஞர்களைப் பத்தின ஆராய்ச்சின்னா அவங்களே உக்காந்து சொல்லட்டும்னு கூப்பிட்டவன் நான். ஆனா அன்னைக்கு அது மேஜை மேல இருந்த ஒரு வரி. இன்னைக்கு ஒரு பொண்ணு பஸ்ஸுல வர்றா.

— நீங்க முதல்ல எழுதியிருந்த வரி ஞாபகம் இருக்கா? "ஆபத்து எனத் தெரிந்தால் பாதுகாவலருக்குத் தெரிவிக்கப்படும்." நெட்டை கையத் தூக்கினான். "தெரிவிக்கப்படும்னா யாரு தெரிவிப்பா? எப்போ? எனக்கு முன்னாடியா, எனக்குப் பின்னாடியா?"ன்னான். உங்க ஆளுங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

— பாத்துக்கிட்டோம். பேனாவ உங்க பக்கம் தள்ளினேன்.

— அப்பத்தான் அந்த வரிய அடிச்சுட்டு நாங்க எழுதினோம். "உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினா, உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, உன் வாயாலயோ எங்க வாயாலயோ, ஒருத்தர்கிட்ட சொல்லுவோம். அந்த ஒருத்தர் யாருன்னு நீ சொல்லு." நேத்து பேட்டிக்கு முன்னாடி அவளுக்கு இதை நான்தான் வாசிச்சுக் காட்டினேன். அதை நம்பித்தான் இன்னைக்கு போன் பண்ணியிருக்கா. நீங்க அந்த நம்பர அழுத்தினா, நான் வாசிச்சது பொய்.

— அதுக்குக் கீழயே இன்னொரு வரியும் இருக்கு. உடனே ஆபத்துன்னா காத்திருக்க மாட்டோம்னு.

— இருக்கு. அதையும் நாங்கதான் போட்டோம். எங்களுக்கும் பயம் உண்டு சார்.

— உனக்கு நடந்தது எனக்கு முழுசாத் தெரியாது. நீ சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.

— பெரிய கதையெல்லாம் இல்ல. ஸ்கூல்ல ஒரு டீச்சர்கிட்ட சொன்னேன். நல்ல டீச்சர். தலைய தடவிக் கொடுத்தாங்க, பிஸ்கெட் கொடுத்தாங்க, கிளாஸுக்குப் போன்னாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், ஹால்ல எல்லாரும் உக்காந்திருக்காங்க. அம்மா, அப்பா, பெரியப்பா, அத்தை. டீவி ஓடல. எங்க வீட்டுல டீவி ஓடலைன்னா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். யாருன்னு கேட்டேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. அப்புறம் புரிஞ்சுது, நான்தான்.

— டீச்சர் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க.

— ஆமா. என் ரூம் கதவைக் கழட்டிட்டாங்க. போனை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அத்தை வந்து பக்கத்துல படுத்துக்கிட்டு, "உனக்கு என்னடி குறை"ன்னு கேப்பாங்க. தினமும் கேப்பாங்க. நான் ஒரே ஒரு விஷயம் கத்துக்கிட்டேன் சார். "நல்லா இருக்கேன்"னு எப்படிச் சொன்னா நம்புவாங்கன்னு. குரல எவ்வளவு ஏத்தணும், எப்ப சிரிக்கணும், எந்த ஜோக்க எந்த நேரத்துல விடணும். ரேடியோன்னு பேர் வந்தது அதுக்கப்புறம்தான். ஓயாம பேசறேன்னு. பேசிக்கிட்டே இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கல்ல.

— ஆனா நீ இருக்கியேம்மா.

— இருக்கேன். அதையும் யோசிச்சிருக்கேன். அந்த டீச்சர் சொன்னதாலதான் இருக்கேனோ என்னமோ. அவங்க சொன்ன விதத்துனால மூணு வருஷம் இருந்தும் இல்லாம இருந்தேன். ரெண்டும் உண்மைதான். எது பெருசுன்னு எனக்குத் தெரியல சார். தெரிஞ்ச மாதிரி பேசறேன், ஆனா தெரியல.

— எனக்கும் தெரியல. காத்திருந்து கெட்டுப்போனதையும் பாத்திருக்கேன், அவசரப்பட்டுக் கெட்டதையும் பாத்திருக்கேன். புஸ்தகத்துல ரெண்டுக்கும் இடம் இருக்கு. இந்த நிமிஷத்துக்குத்தான் இல்ல. போனைப் பாரு. தண்ணி டேங்க் வந்துதா?

— வந்துச்சு. பேசிக்கிட்டு இருக்கும்போதே வந்துடுச்சு. "தண்ணி டேங்க்."

— அப்ப கோர்ட்டு வந்திருக்கணுமே.

— சிக்னல்ல நிக்கும்.

— அந்த சிக்னல் அவ்வளவு நேரம் எடுக்காது. நான் தினம் வர்ற வழி.

— இருங்க, நான் அனுப்பறேன். "கோர்ட்டு வந்துச்சாடா?"

— என்ன சொல்றா?

— பாத்துட்டா. பாத்ததா காட்டுது. பதில் வரல.

— கூப்பிடு.

— கூப்பிடறேன்… மணி அடிக்குது. எடுக்கல.

— நெட்டைய கேளு.

— நெட்டை, பஸ் வந்துச்சா? … என்ன? … சரி. அங்கயே நில்லு. நகராத.

— என்ன சொல்றான்?

— பஸ் வந்துட்டு போயிடுச்சாம். அவ இறங்கல.

— ரேடியோ, இதுக்கு மேல முடியாது.

— தெரியும் சார்.

— நான் அண்ணனைக் கூப்பிடறேன்.

— கூப்பிடலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனா நீங்க பேச வேண்டாம். நான்தான் வாக்கு கொடுத்தேன். உடைக்கறதும் நானே உடைக்கறேன். நம்பரைக் கொடுங்க.

— நீயேவா?

— நானேதான். சொல்லுங்க நம்பர.

— தொண்ணூத்தி எட்டு…

— இருங்க, இருங்க. யாரோ கதவைத் தட்டறாங்க.

— உள்ள வாங்க. … அட.

— வாடா. வா வா. உள்ள வா. எப்படிடா வந்த? நெட்டை பஸ்ல நீ இல்லைன்னான்?

— குறுக்கு வழியா, பின் கேட்டுல வந்தேன்க்கா. நடந்து.

— பஸ் என்னாச்சு?

— தண்ணி டேங்க்லயே இறங்கிட்டேன்.

— ஏன்டா?

— திரும்பிப் போயிடலாம்னு. எதிர்ப்பக்கம் நின்னேன். கொஞ்ச நேரம் பாத்தேன், பஸ்ஸே வரல. சும்மா நிக்கறதுக்கு இங்க நடந்துடலாம்னு வந்துட்டேன்.

— உக்காரும்மா. இந்த நாற்காலியில உக்காரு, ஜன்னல் பக்கம். தண்ணி குடிக்கறியா?

— இவங்க யாருக்கா?

— நான் சொன்னேன்ல, டாக்டர் சார். இந்த ஆராய்ச்சி இவரோடது. நல்லவர்தான், மூஞ்சிதான் அப்படி.

— ம்.

— தண்ணி குடி. நெட்டைக்குச் சொல்லிடறேன், நீ வந்துட்டன்னு. பாவம், வெயில்ல நிக்கிறான்.

— பாரும்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீ நேத்து சொன்னதால எதுவும் தப்பாகல. இன்னைக்குத் திருத்தினியே, அதுக்குத்தான் நாங்க இந்த வேலையே பண்றோம். நான் சில கேள்வி கேப்பேன். பிடிக்கலைன்னா பதில் சொல்லாத, ஆனா இல்லாததைச் சொல்லாத. சரியா?

— சரி சார்.

— அந்த நினைப்பு எவ்வளவு நாளா இருக்கு?

— தெரியல. மழைக்காலத்துக்கு முன்னாடிலேருந்து. முதல்ல எப்பவாவது வரும். இப்ப காலைல கண்ணு முழிச்சதும் அதுதான் முதல்ல வருது. பல் தேய்க்கறதுக்கு முன்னாடி.

— இன்னைக்கு?

— இன்னைக்கும் வந்துச்சு. ஆனா ஏதாவது பண்ணணும்னு இல்ல. அக்காகிட்ட சொன்னது நிஜம். பண்ணணும்னு இல்ல. இல்லாம போயிட்டா நல்லா இருக்கும்னு மட்டும்தான்.

— யாருக்கு நல்லா இருக்கும்?

— அண்ணனுக்கு.

— அண்ணன் அப்படிச் சொன்னாரா?

— ஐயோ, இல்ல சார். அவன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் அஞ்சாவது படிக்கும்போது அப்பா அம்மா போயிட்டாங்க. அன்னைலேருந்து அவன்தான் எல்லாம். வேலைய முடிச்சுட்டு வந்து சமைப்பான், என் யூனிஃபார்ம தேய்ப்பான். ஒரு இடத்துல கல்யாணம் பேசினாங்க. அந்தப் பொண்ணு வீட்டுல, "தங்கச்சிய என்ன பண்ணப் போறீங்க"ன்னு கேட்டாங்களாம். அவன் எழுந்து வந்துட்டான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். கீழ் வீட்டு அக்கா சொன்னாங்க.

— அதனால நீ இல்லைன்னா அவருக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கும்னு.

— கிடைக்கும்ல?

— இதை அவர்கிட்ட கேட்டியா?

— எப்படி கேக்கறது சார்? அவன் வீட்டுக்குள்ள வரும்போதே சிரிச்சுக்கிட்டுத்தான் வருவான். ஏதாவது ஒரு கடைக்காரர் மாதிரி பேசிக் காட்டுவான். நானும் சிரிப்பேன். எங்க வீட்டுல ரெண்டு பேரும் எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருப்போம். லைட்டை அணைச்சதுக்கப்புறம் நான் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்குவேன்.

— டேய், நான் ஒண்ணு சொல்லணும். இது நேரா உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வேண்டியது. இதை இந்த ரூமுக்குள்ளயே வெச்சுக்க முடியாது. ஒருத்தருக்குச் சொல்லியாகணும்.

— யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு சொன்னீங்க.

— அப்படிச் சொல்லலடா. உயிர் விஷயம்னா உன்னை வெச்சுக்கிட்டுச் சொல்லுவோம்னு சொன்னேன். அந்த வரிய எழுதினது நான்.

— வாசிச்சீங்க. நான் சரியா கவனிக்கல.

— யாருமே கவனிக்க மாட்டாங்க. நானா இருந்தாலும் கவனிச்சிருக்க மாட்டேன்.

— யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான் சொன்னா என்ன பண்ணுவீங்க?

— நீ இங்கயே உக்காந்திருப்ப, நானும் உக்காந்திருப்பேன். ஆஸ்பத்திரி பூட்டற வரைக்கும். இந்த ஆஸ்பத்திரிய பூட்டறதே இல்ல.

— சிரிக்க வெக்காதீங்கக்கா.

— பாரும்மா, யாருக்குச் சொல்லணும்னு நீ சொல்லலாம். அண்ணன்தான்னு இல்ல. கீழ் வீட்டு அக்கா, சித்தி, டீச்சர், யாரா இருந்தாலும் சரி. பெரியவங்களா இருக்கணும், இன்னைக்கு ராத்திரி உன் கூட இருக்கறவங்களா இருக்கணும்.

— வேற யாரும் இல்ல சார். அவன்தான்.

— அப்ப அவர்கிட்டயே சொல்லலாமா?

— அவன் உடைஞ்சு போயிடுவான்.

— உடைஞ்சா நாங்க இருக்கோம்.

— நீங்க எப்படிச் சொல்லுவீங்க? எந்த வார்த்தையில? முதல்ல எனக்குச் சொல்லிக் காட்டுங்க.

— நான் அவர்கிட்ட, "உங்க தங்கச்சிக்குக் கொஞ்ச நாளா மனச்சோர்வு இருக்கு, சிகிச்சை கொடுத்தா…"

— வேண்டாம் சார். அவனுக்குப் புரியாது. ஏதோ வியாதி, நிறைய செலவாகும்னு நினைச்சுக்குவான்.

— ரேடியோ, நீ சொல்லு.

— "அண்ணா, உங்க தங்கச்சிக்கு சாகணும்னு…"

— அய்யோ, அப்படி எடுத்ததும் சொன்னா வண்டிய எங்கயாவது இடிச்சுடுவான்க்கா.

— சரி, எப்படித்தான்டா சொல்றது? எங்களுக்குத் தெரியல. உங்க அண்ணன உனக்குத்தான் தெரியும்.

— முதல்ல வண்டிய நிறுத்தச் சொல்லணும். அப்புறம் எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லணும். அப்புறம்தான் மத்தது.

— பாரு, இது என் மண்டையில வரவே இல்ல.

— எனக்கும் வரல.

— அந்த வார்த்தைய சொல்லணுமா சார்? சாகறதுன்னு?

— சொல்றதுதான் நல்லதும்மா. "மனசு சரியில்ல"ன்னு மட்டும் சொன்னா, தூங்கி எழுந்தா சரியாயிடும்னு நினைச்சுக்குவார். அப்புறம் நீ மறுபடியும் தனியாயிடுவ.

— அப்ப நானே சொல்றேன்.

— நிஜமாவா?

— நீங்க சொன்னா அவன் உங்களைத் திட்டுவான். நான் சொன்னா திட்ட மாட்டான். ஆனா நீங்க ரெண்டு பேரும் எழுந்து போகக் கூடாது.

— போக மாட்டோம். இந்தா என் போன், ஸ்பீக்கர்ல போடு. நடுவுல முடியலைன்னா என் கையப் பிடி, நான் பேசறேன்.

— நம்பர் எனக்கு மனப்பாடம்.

— அழுத்து.

— அழுத்திட்டேன். மணி அடிக்குது.

— ஹலோ, யாருங்க?

— அண்ணா, நான்தான்.

— பாப்பாவா? யார் போன்லேருந்து பேசற? ஸ்கூல் விட்டாச்சா? சாப்டியா?

— வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கியா?

— ஆமா, ஏன்?

— ஓரமா நிறுத்து.

— என்ன பாப்பா? என்னாச்சு?

— எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லபடியா உக்காந்துதான் பேசறேன். நீ நிறுத்திட்டு சொல்லு.

— இரு… பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான்… நிறுத்திட்டேன். இஞ்சினையும் ஆஃப் பண்ணிட்டேன். சொல்லு.

— ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சின்னு சொன்னேன்ல? சின்ன வயசுக்காரங்க மனசப் பத்தி. கையெழுத்துகூட போட்டியே. அங்கதான் இருக்கேன். நேத்து ஒரு கேள்வி கேட்டாங்க. செத்துப்போயிட்டா தேவலைன்னு எப்பவாவது தோணியிருக்கான்னு. இல்லைன்னு சொன்னேன்.

— ம்.

— பொய் சொன்னேன் அண்ணா.

— என்ன பாப்பா சொல்ற?

— தோணுது. தினமும் தோணுது. காலைல எழுந்ததும் தோணுது. உன்னால இல்ல. நீ நல்லா பாத்துக்கற. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. நான் இல்லைன்னா நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு… அண்ணா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன்.

— கோவமா?

— இல்ல.

— அழறியா?

— இல்ல பாப்பா. ரோட்டுல தூசி. அந்தக் கல்யாணத்தப் பத்தி உனக்கு யாரு சொன்னா?

— யாரோ.

— நீ காரணம் இல்ல. அவங்க கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கல, எழுந்து வந்துட்டேன். அவ்வளவுதான். எத்தனை நாளா இப்படி?

— மழைக்கு முன்னாடிலேருந்து.

— அவ்வளவு நாளா… நான் கவனிக்கவே இல்லையே.

— நான் சிரிச்சுக்கிட்டே இருந்தா நீ எப்படிக் கவனிப்ப?

— கூட யாராவது இருக்காங்களா அங்க?

— இருக்காங்க. ரேடியோ அக்கா இருக்காங்க. டாக்டர் சார் இருக்கார்.

— வணக்கம் அண்ணா, நான்தான் ரேடியோ. உங்க தங்கச்சி தானாவே போன் பண்ணி, தானாவே இங்க வந்து, தானாவே உங்ககிட்ட சொல்லியிருக்கா. யாரும் கட்டாயப்படுத்தல. அதை மட்டும் நீங்க மறக்கக் கூடாது.

— மறக்க மாட்டேன்மா.

— நான் டாக்டர் பேசறேன். முதல்ல, பயப்படாதீங்க. பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனா கைமீறிப் போகல. அவ சொல்லிட்டா, அதுவே பாதி வேலை. நீங்க இங்க வாங்க. மூணாவது மாடி, வலது பக்கம் கடைசி ரூம். நாலு பேரும் உக்காந்து, இன்னைக்கு ராத்திரி எப்படி, நாளைக்கு எப்படின்னு முடிவு பண்ணிக்கலாம். வர்ற வரைக்கும் அவ எங்க கூட இருப்பா. அவசரமா ஓட்டிக்கிட்டு வர வேண்டாம்.

— வண்டியில இன்னும் பாதி ரொட்டி இருக்கு சார்.

— கம்பெனியில சொல்லிக்கலாமா? வேணும்னா நான் பேசறேன்.

— வேண்டாம் சார். ஒரு நாள் ரொட்டி இல்லைன்னா யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க. வரேன்.

— வீட்டுக்குப் போனதும் அவளைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க. ஏன், எதுக்குன்னு துருவாதீங்க. பக்கத்துல இருந்தாப் போதும். ரூம் கதவைக் கழட்டறது, போனைப் பிடுங்கறது, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வெக்கறது, அதெல்லாம் வேண்டாம். இது எனக்கே இன்னைக்குத்தான் சரியாப் புரிஞ்சுது.

— சரி சார்.

— வேற ஏதாவது கேக்கணுமா?

— இல்ல சார்… அது வந்து…

— ஹலோ? கேக்குதா?

— கேக்குது சார். ஒண்ணு கேக்கணும்.

— ஸ்பீக்கர்ல இருக்கு. தனியாப் பேசணும்னா எடுத்துடறேன்.

— வேண்டாம், இருக்கட்டும். பாப்பாவும் கேக்கட்டும். சின்னப் பொண்ணு அவளே சொல்லிட்டா.

— சொல்லு அண்ணா.

— நேத்து பாப்பாகிட்ட கேட்ட அந்தக் கேள்விய, முப்பத்திரண்டு வயசுக்காரன் வந்தாலும் கேப்பீங்களா சார்?